அத்திவாரத்தில் ஆறு துளைகள்

அந்த வீட்டை முதலில் கண்டவர் என் கணவர். அவர் அப்போது பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஒஸ்லோவுக்கு வெளியே ஸ்ட்ரோம்மனைத் தாண்டிப் போகும் ஒரு தடத்தின் கடைசித் தரிப்பிடத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தினால் பதினொரு நிமிடம் ஓய்வு. மற்றச் சாரதிகள் இறங்கி நின்று சிகரெட் பிடிப்பார்கள். இவர் புகைப்பதில்லை. வயலுக்கு அப்பால், காட்டோரமாக நின்ற ஒரு பழைய மரவீட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பார். எத்தனை மாதம் அப்படிப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு, பனி உருகத் தொடங்கிய நாட்களில், ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"இஞ்சேரும், அந்த வீட்டை விக்கப் போகினமாம்."

"எந்த வீடு?"

"பஸ் நிக்கிற இடத்திலை. சொன்னனானெல்லே."

அவர் சொல்லியிருக்கவில்லை. மனதுக்குள் பலமுறை சொல்லியிருப்பார் போலும்.

எங்களுக்கு ஹொல்ம்லியாவில் மூன்றறை அடுக்குமாடி வீடு இருந்தது. ரயில் நிலையம் பக்கத்தில். மகளுக்குப் பதின்மூன்று வயது, அவளுடைய சிநேகிதிகள் எல்லோரும் அதே கட்டடத்தில். எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் புதிய தொடர்வீடுகளுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. "ஆரும் விசரனே உந்த மரக்கொட்டிலை வாங்க?" என்று அவருடைய நண்பர் ஒருவர் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டே கேட்டார். இவர் சிரித்தார். இவர் யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடப் படம் வரையப் படித்தவர். படிப்பு முடிய ஒரு தவணை இருக்கும்போது நாட்டை விட்டு வந்தார். வடக்கே மீன் தொழிற்சாலை, பிறகு ஒஸ்லோவில் கோப்பை கழுவுதல், பிறகு பேருந்து. நோர்வேயில் பதினாறு வருடம் இருந்தும் ஒருவரும் அவரை ஒரு கோடு கீறச் சொல்லிக் கேட்டதில்லை.

வீட்டுக்காரர் தனிக்கட்டை. எண்பதை நெருங்கியவர். முதியோர் இல்லத்துக்குப் போக இடம் கிடைத்துவிட்டதால் வீட்டை விற்றார். எங்களை அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் கைத்தடியால் சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினார். வெளியே தெரியும் வெள்ளைப் பலகை வெறும் சட்டைதான், உள்ளே இருப்பது முழு மரம் என்றார். அவருடைய முன்னோர் கட்டியபோது அது மூன்று அறை வீடு: நடுவில் அடுப்பும் புகைபோக்கியும் உள்ள பெரிய அறை, பக்கத்தில் இரண்டு சின்ன அறைகள். கூரையில் பேர்ச் மரப்பட்டை விரித்து அதன்மேல் புல்மண் பரப்பியிருந்தார்களாம். பிறகு வந்த ஒருவர் கூரையைத் தூக்கி மேல்மாடி வைத்து ஓடு போட்டார். அதற்குப் பின்னால் வந்தவருக்குப் பட்டணத்து வீடுகளைப் போல இருக்கவேண்டும் என்று ஆசை. சுவரைச் சுற்றிப் பலகை அடித்து வெள்ளை பூசினார், சின்ன யன்னல்களைப் பெரிதாக்கினார்.

"உள்ளே இருப்பது பழைய ஆள்தான்" என்றார் கிழவர்.

என் கணவர் முழங்காலில் இருந்து, பலகை உடைந்துபோன ஒரு மூலைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டார். மரத்தின் மேல் மரமாக அடுக்கியிருந்தார்கள். மேல் மரத்தின் அடிப்பக்கத்தைக் குடைந்து, கீழ் மரத்தின் முதுகில் அப்படியே குந்த வைத்திருந்தார்கள். நடுவில் உலர்ந்த பாசி திணித்திருந்தது. மூலையில் இரண்டு சுவர் மரங்களும் ஒன்றையொன்று வெட்டிக் கடித்துக்கொண்டு நின்றன.

"ஆணி ஒண்டுகூட இல்லை, பாரும்" என்றார். "பாரம் கூடக் கூட இன்னும் இறுகும். இதை யோசிச்சவன் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

அவருடைய முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதனால்தான் சம்மதித்தேன். வீட்டை எனக்குப் பிடிக்கவில்லை.

திறப்புக் கைமாறிய நாளைப் பற்றி நான் ஒழுங்காக எழுதவேண்டும். செப்டெம்பர் மாதம். என் கணவர் மேல்மாடியில் கூரை மரங்களை அளந்துகொண்டிருந்தார். மகள் காருக்குள் இருந்தாள். கிழவரை அழைத்துப் போக வாடகைக் கார் வந்து நின்றது. அவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு வீட்டின் பின்பக்கம் கொண்டுபோனார். வீடு சாந்து பூசாத கல் அத்திவாரத்தில் இருந்தது. அந்தக் கல்லுக்குள் ஒரு பூனை நுழையக்கூடிய அளவில் துளைகள், முன்னுக்கு மூன்று, பின்னுக்கு மூன்று. கைத்தடியால் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். அவருடைய பேச்சு நான் வகுப்பில் படித்த நோர்வே மொழி அல்ல, பல்லும் இல்லை. ஆனாலும் விளங்கியது. குளிருக்கு முன் வைக்கோலால் அடைக்க வேண்டும், பனி போனதும் திறந்துவிட வேண்டும், மறக்கக்கூடாது. "கீழே காற்று ஓடவேண்டும். ஓடாவிட்டால் அழுகிவிடும்" என்றார். நான் தலையாட்டினேன். வாடகைக் கார்ச் சாரதி ஹோர்ன் அடித்தார். கிழவர் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனார்.

அன்று எங்கள் சாமான்கள் வந்து இறங்கின. சட்டி பானைப் பெட்டி ஒன்றைக் காணவில்லை. தேடிக்கொண்டிருந்ததில் கணவரிடம் சொல்ல மறந்துபோனேன். அடுத்த நாளும் சொல்லவில்லை. பிறகு அது என் நினைவிலேயே இல்லை.

முதல் குளிர்காலம் கொடியது. தரைப் பலகைகளின் இடுக்கால் காற்று ஏறியது. மகள் சாப்பாட்டு மேசையில் குளிர்ச் சட்டையோடு இருந்து பாடம் செய்தாள்.

"அம்மா, ஸ்கூலிலை எல்லாரும் கேக்கினம் ஏன் நீங்கள் காட்டுக்குள்ளை போனனீங்கள் எண்டு. நான் என்ன சொல்ல?"

கணவரிடம் போய்ச் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, கால் விறைச்சுப் போகுது. நிலத்துக்குக் கீழாலைதான் காத்து வருது. பிள்ளைக்கு வருத்தம் வரப்போகுது. ஏதாவது செய்யுங்கோ."

அவர் விடுமுறை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் வீட்டுக்கடியில் தவழ்ந்தார். ஆறு துளைகளுக்குள்ளும் கண்ணாடிப் பஞ்சை அடைத்து, பலகை வைத்து, வெளியால் சீமெந்து பூசினார். தரையின் அடிப்பக்கம் முழுவதும் பிளாஸ்டிக் தாள் இழுத்துக் கட்டினார். எல்லாம் மிகத் துப்புரவான வேலை. வீடு சூடானது. மகள் குளிர்ச் சட்டையைக் கழற்றினாள். நான் அவருக்குப் பிடித்த ஒடியல் கூழ் காய்ச்சினேன். அவர் துளை அடைக்கிறார் என்பது எனக்குத் தெரியும். கிழவர் வைக்கோல் என்று சொன்னதும் அப்போது ஒரு கணம் ஞாபகம் வந்தது. வைக்கோலைவிடப் பஞ்சு நல்லதுதானே என்று நினைத்தேன். திறக்க வேண்டும் என்பது ஞாபகத்துக்கு வரவில்லை.

அடுத்த இரண்டு வருடங்கள்தான் எங்கள் வாழ்க்கையில் நல்ல காலம் என்று சொல்லவேண்டும். அவர் பெரிய அறையின் சுவர்க் கடதாசியை உரித்தார். ஒன்றின் கீழ் ஒன்றாக ஏழு அடுக்கு. அதற்கும் கீழே பழைய எழுத்தில் அச்சடித்த செய்தித்தாள் ஒட்டியிருந்தது. மாடு காணாமல்போன அறிவித்தல் ஒன்றை மகள் வாசித்துச் சிரித்தாள். அதற்குக் கீழே, கோடரி போட்ட அடையாளங்களோடு, தேன் நிறத்தில் மரம். அவர் கட்டம் போட்ட தாள் வாங்கி ஒவ்வொரு மரத்தையும் அளந்து கீறினார். வடக்குச் சுவர், கிழக்குச் சுவர் என்று தாள்கள் சேர்ந்துகொண்டே போயின. பேருந்துச் சீருடையைக் கழற்றாமலே மேசையில் குனிந்து இருப்பார்.

ஒரு ஞாயிறு பின்னேரம் கத்திக் கூப்பிட்டார். "ஓடி வாரும்! இந்த வீட்டைக் கழட்டிக் கொண்டந்திருக்கினம்!"

மூலைகளுக்குப் பக்கத்தில் மரங்களில் சின்னச் சின்ன வெட்டுகள் இருந்தன. ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு, குறுக்கு வெட்டு. வேறெங்கோ நின்ற வீட்டை மரம் மரமாகக் கழற்றி, எண் போட்டுக் கொண்டுவந்து இங்கே திரும்ப அடுக்கியிருக்கிறார்கள். கிழக்குச் சுவரில் எட்டாவது மரத்தையும் ஒன்பதாவதையும் மாற்றி வைத்துவிட்டார்கள் என்பதையும் அவர் கண்டுபிடித்தார். அந்த இடத்தில் மட்டும் இரண்டு விரல் அளவு பாசி கூடுதலாக அடைத்திருந்தது.

"அண்டைக்கு அவனுக்கு வெறிபோலை" என்றார், சந்தோஷமாக.

நான் அப்போது பக்கத்தில் இருந்த முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கிழவரும் அங்கேதான் இருந்தார். மரத்தில் எண் இருப்பதைச் சொன்னபோது ஓம் என்று தலையாட்டினார். ஏரிக்கு அப்பால் உள்ள பண்ணையில் இருந்து, தண்ணீர் உறைந்திருந்த குளிர்காலம் ஒன்றில் குதிரைச் சறுக்குவண்டிகளில் கொண்டுவந்ததாக அவருடைய வீட்டில் ஒரு கதை இருந்ததாம். அதைக் கேட்டுவந்து சொன்ன அன்று என் கணவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எங்களுக்குள் அப்படியெல்லாம் வழக்கமில்லை.

மூன்றாவது வருடம் குசினி யன்னல் விளிம்பில் ஒரு தூள் படிந்தது. செம்பழுப்பு நிறம். கொக்கோத் தூள் போல மிருதுவாக இருந்தது. அடுப்புத் துரு என்று நினைத்துத் துடைத்தேன். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் இருந்தது. தட்டுகளின் மேலும் இருந்தது. சனிக்கிழமைதோறும் ஈரத்துணியால் துடைத்தேன். மழை பெய்த காட்டில் நடந்தால் வருமே, அப்படியொரு காளான் மணமும் இருந்தது. மரவீடு என்றால் மணக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். பிறகு கோப்பை கழுவும் தொட்டிக்கு முன்னால் நிலம் மெத்தை போலத் தாழ்ந்தது.

கணவர் இரண்டு பலகையைக் கிளப்பினார். கிளப்பிய கையோடு பின்னால் சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டார். கீழே முழுவதும் பஞ்சு போல வெள்ளையாக ஏதோ வளர்ந்திருந்தது. அதற்குள் சாம்பல் நிறத்தில் பென்சில் தடிப்பான நரம்புகள். கல்லின் மேல், பெரிய ரொட்டி ஒன்றைத் தட்டிப் போட்டதுபோல, நடுவில் செம்பழுப்பும் ஓரத்தில் வெள்ளையுமாக ஒன்று படர்ந்து கிடந்தது. சுவர் முழுவதையும் தாங்கும் அடிமரத்தில் விரலால் தொட்டார். அது சின்னச் சின்னக் கட்டைகளாக உடைந்து விழுந்தது. குழாய் ஒன்று அங்கே துளித்துளியாகக் கசிந்துகொண்டிருந்தது.

பழைய கட்டடங்களைப் பரிசோதிக்கும் ஒரு நோர்வேப் பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கீழே கிடந்தாள். பிறகு சுவர்ப் பலகைகளைக் கழற்றி ஒவ்வொரு மரத்திலும் கத்தியைக் குத்திப் பார்த்தாள். சில இடங்களில் கத்தி பிடிவரை இறங்கியது. வீடுகளைத் தின்னும் பூஞ்சணம், இது மரத்தில் மட்டும் நிற்காது, கல்லுக்குள்ளாலும் சுவருக்குள்ளாலும் தண்ணீரைக் கொண்டு ஏறும் என்று விளக்கினாள். வெளியே வந்து அத்திவாரத்தைச் சுற்றி நடந்து, சீமெந்துப் பூச்சுக்கு முன்னால் நின்றாள்.

"இதை யார் அடைத்தது?"

"நான்தான்" என்றார் என் கணவர். "முதல் குளிர்காலத்தில்."

"வசந்தத்தில் திறக்கவில்லையா?"

அவர் அவளைப் பார்த்தார். "திறக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை."

நான் கோப்பித் தட்டோடு அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றேன். கிழவரின் கைத்தடி கல்லைத் தொட்டது, பல்லில்லாத வாய், ஹோர்ன் சத்தம், எல்லாம் ஒன்றாக வந்தது. அப்போது வாயைத் திறந்திருக்கலாம். அந்தப் பெண் கோப்பியை எடுத்துக்கொண்டு நன்றி சொன்னாள். குழாய்க் கசிவுதான் தொடக்கம், ஆனால் காற்று ஓடியிருந்தால் இவ்வளவு போயிருக்காது என்று மெதுவாகச் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் வெறுந்தட்டோடு உள்ளே போய்க் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சொன்னால் அவர் என்னைக் கோபித்திருப்பார். கோபித்திருந்தால் இப்படி உடைந்துபோயிருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அவர் முழுவதையும் தன்மேல் போட்டுக்கொண்டார். படம் வரையப் படித்தவன், மரத்துக்குக் காற்று வேண்டும் என்று தெரியாமல் போனேனே என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதுவும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தட்டைப் பார்த்துச் சொன்னார்.

ஒரு வருடம் போராடினார். தச்சர்களைப் பிடித்து வீட்டை இரும்பு முட்டுகளில் தூக்கி, கீழ் வரிசை மரங்களை அறுத்து எடுத்தார். புது மரம் வைக்க இருந்த நேரத்தில் வடக்குச் சுவரின் பலகையைக் கழற்றினார்கள். வெள்ளை நரம்புகள் ஆறாவது மரம்வரை ஏறியிருந்தன. பிறகு மேல்மாடியின் தரைக்குள்ளும் கண்டார்கள். சுவாசத்துக்குக் கூடாது என்றதால் மகளும் நானும் ஹொல்ம்லியாவில் வாடகைக்கு ஓர் அடுக்குமாடி வீடு எடுத்துப் போனோம். விட்டுவந்த அதே இடம், வேறு கட்டடம். அவர் வேலை முடிந்து அந்த மரவீட்டுக்கே போவார். சட்டையில் பூஞ்சணத் தூளோடு வருவார். கதைப்பது குறைந்துகொண்டே போனது.

ஒரு மார்ச் மாதம், அதே கடைசித் தரிப்பிடத்தில், பதினொரு நிமிடம் முடிந்த பிறகும் அவர் பேருந்தை எடுக்கவில்லை. ஏறியிருந்த சனம் பொறுத்துப் பார்த்துவிட்டு முன்னால் வந்து கேட்டார்களாம். அவர் இரண்டு கைகளையும் சுக்கானில் வைத்துக்கொண்டு வயலைப் பார்த்தபடி இருந்திருக்கிறார். வேறொரு சாரதி வந்து தோளைத் தொட்டபோது எழும்பி, "மன்னிக்க வேண்டும்" என்று நோர்வே மொழியில் சொல்லிவிட்டு இறங்கினார். அதற்குப் பிறகு அவர் பேருந்து ஓட்டவில்லை. வைத்தியர் சீக்மெல்டிங் எழுதிக் கொடுத்தார், நோய் விடுப்பு. மூன்று மாதம், பிறகு ஆறு மாதம், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டோம்.

அந்த ஏப்ரலில் இல்லத்தில் கிழவருக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு நினைவு வந்தும் போயும் கொண்டிருந்த காலம். திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"துளைகளைத் திறந்துவிட்டாயா?"

"ஓம்" என்றேன், தமிழிலேயே. பிறகு நோர்வே மொழியில் சொன்னேன்: "திறந்துவிட்டேன். எல்லாம் நன்றாக இருக்கிறது."

அவருக்கு அது போதுமாக இருந்தது. இலையுதிர் காலத்தில் இறந்துபோனார். உடம்பைக் கழுவித் துடைத்து வெள்ளைச் சட்டை போட்டுவிட்ட இருவரில் நானும் ஒருத்தி. உறவினர் என்று வர ஒருவரும் இல்லை. கூட வேலை செய்தவள் ஏன் இப்படி அழுகிறாய் என்று கேட்டாள். அவருடைய வீட்டில்தான் இருந்தோம் என்று மட்டும் சொன்னேன்.

பக்கத்துப் பண்ணைக்காரர் நிலத்தை எடுத்துக்கொண்டார். வீட்டைக் கழற்றவும் முடியாது, அந்த மரத்தை வேறெங்கும் கொண்டுபோகவும் கூடாது. கடைசியில் தீயணைப்புப் படையினர் பயிற்சிக்காக எரிப்பது என்று முடிவானது. இங்கே அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. மகள் அந்த ஆகஸ்டில்தான் துரொண்ட்ஹெய்முக்குப் படிக்கப் போயிருந்தாள். தொலைபேசியில் சொன்னேன்.

"அப்பா போறாரோ?"

"இல்லை. நான் போறன்."

"நீங்களும் போக வேண்டாம் அம்மா. பிளீஸ்."

ஒரு சனிக்கிழமை காலை போனேன். பதினைந்து இருபது பேர் வயலோரம் மடக்குக் கதிரைகளும் கோப்பிப் போத்தல்களுமாக வந்திருந்தார்கள். பிள்ளைகள் தலைக்கவசம் போட்டுப் பார்த்து விளையாடினார்கள். தீயணைப்புக்காரர்கள் ஓர் அறையில் வைக்கோலைக் கொளுத்துவார்கள், புகைக்குள் புகுந்து அணைப்பார்கள், மறுபடி கொளுத்துவார்கள். பெரிய அறையில் இரண்டு தடவை, குசினியில் இரண்டு தடவை. நான் முன்னாள் வீட்டுக்காரி என்று பண்ணைக்காரர் சொல்லியிருக்க வேண்டும், அவர்களின் தலைவர் வந்து தொப்பியைக் கழற்றி, மதியத்துக்குப் பிறகு அணைக்காமல் முழுவதையும் எரிய விட்டுவிடுவோம் என்று சொன்னார். யாரோ ஒரு பெண் எனக்கும் கோப்பி ஊற்றித் தந்தாள்.

எரிய விட்டபோது வெள்ளைப் பலகைகள்தான் முதலில் போயின. சுருண்டு, ஆணி ஆணியாகக் கழன்று விழுந்தன. பிறகு உள்ளே இருந்த மரவீடு வெளியே வந்தது. சின்ன வீடு. கருத்த மரங்கள், நான்கு மூலைகளிலும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு. என் கணவர் ஏழு அடுக்குக் கடதாசியை உரித்தும் பார்த்து முடியாத வீடு சில நிமிடம் முழுதாக நின்றது. சனம் "ஓ" என்றது. நான் கோப்பிக் கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டுத் தரிப்பிடத்துக்கு நடந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் யன்னல் பக்கத்துக் கதிரையில் இருந்தார். நான் குளித்து, புகை மணத்த உடுப்பைத் தோய்க்கப் போட்டுவிட்டு வந்தேன். யன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"மூலையளே கடைசியா விழுந்தது?"

நான் அதுவரை நிற்கவில்லை. "ஓம்" என்றேன்.

தலையாட்டினார். அந்த வீட்டைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி அது.

பிறகும் ஒருமுறை சொல்லிவிட முயன்றேன். தேத்தண்ணியை அவருக்கு முன்னால் வைத்துவிட்டு, "இஞ்சாருங்கோ, அந்தத் துளையளைப் பற்றி உங்களிட்டை ஒரு கதை..." என்று தொடங்கினேன். அவர் கையைத் தூக்கினார். "உதெல்லாம் இப்ப ஏனப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சத்தமே இல்லாமல் சொன்னார். நான் நிறுத்திவிட்டேன். நிறுத்தச் சொன்னது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். அந்தக் கட்டம் போட்ட தாள்களை அவர் எப்போது, எங்கே போட்டார் என்று தெரியவில்லை. வீடு மாறும்போது பெட்டிகளில் தேடினேன், இருக்கவில்லை.

துரொண்ட்ஹெய்மில் ஆற்றோரம் முழுக்கப் பழைய மரக்கட்டடங்கள்தான், அப்பா வந்து பார்க்கட்டும் என்று மகள் ஒவ்வொரு வருடமும் சொல்வாள். "நீர் போயிட்டு வாரும்" என்பார் அவர். நான் தனியாகப் போவேன். வழியெல்லாம் வயல்களுக்கு நடுவே வெள்ளை வீடுகள் வரும். ரயில் அந்தப் பக்கங்களைத் தாண்டும்வரை நான் பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டிருப்பேன்.